பசங்களோட சிங்கப்பூர் போறீங்களா? ஹோட்டல் பத்தி வந்த கேள்விகள், என் பதில்கள்

லீவு நெருங்கிட்டா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி சிங்கப்பூர் ஹோட்டல் பத்திதான் இருக்கும். ஃபேமிலி டூர் புக் பண்ணி குடுக்கறது என் தொழில், அதனால தனித்தனியா பதில் சொல்லி சொல்லி அலுத்துப்போச்சு. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேர்த்து இங்க போடறேன்.

கேள்வி: 5 வயசு, 9 வயசுன்னு ரெண்டு பசங்க. 4 ராத்திரி தங்கறோம். மெரினா பே சாண்ட்ஸா, ஷங்க்ரி-லாவா, இல்ல லிட்டில் இந்தியாவுல சாதா ஹோட்டல் போட்டு காசை மிச்சம் பண்ணலாமா? (கோயம்புத்தூர்)

நீங்க ஹோட்டல் பேரை கேக்கறீங்க, நான் உங்க ப்ளானை கேக்கறேன். காலைல 9 மணிக்கு கிளம்பி ராத்திரி 9 மணிக்கு ரூமுக்கு வர்ற ஆளா நீங்க? அப்ப நீச்சல்குளம், கிட்ஸ் க்ளப், சறுக்கு எல்லாத்துக்கும் காசு கட்டிட்டு தூங்க மட்டும் போவீங்க. அதுக்கு லிட்டில் இந்தியாவே போதும், எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) பக்கத்துல, இறங்கினா இட்லி, பசங்களுக்கு தயிர் சாதம், மறுபேச்சு இல்ல.

இல்ல, ஹோட்டல்லயே பாதி நாள் கழிக்கணும்னு இருந்தா அப்ப கணக்கே வேற. பசங்களுக்காகவே யோசிச்சு பண்ணின சிட்டி ஹோட்டல்னா நான் முதல்ல சொல்றது ஆரஞ்ச் க்ரோவ் ரோட்ல இருக்கற ஷங்க்ரி-லா. 1971ல ஆரம்பிச்சது, ஷங்க்ரி-லா குழுமத்துக்கே அதுதான் முதல் ஹோட்டல். உள்ள பட்ஸ்னு ஒரு பெரிய விளையாட்டு இடம் இருக்கு, வெளில தண்ணி விளையாட்டு இடம் தனி, சமையல் பேக்கிங் மாதிரி வகுப்புகளும் நடக்கும். ஒரு மாடியில ஃபேமிலி ரூம்னு போட்டு கோட்டை, விண்வெளி, மரவீடுன்னு தீம் வச்சிருக்காங்க, 5 வயசு பிள்ளை உள்ள நுழைஞ்சா வெளில வராது. 9 வயசுக்கு அந்த தீம் ரூம் கொஞ்சம் சின்னப்புள்ளைத்தனமா தோணலாம், அது உங்க பையனை பொறுத்தது. பட்ஸுக்குள்ள போக உங்க ரூம் ரேட்டுல சேர்த்தியா, தனி கட்டணமான்னு புக் பண்ணும்போதே எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க, பேக்கேஜுக்கு பேக்கேஜ் மாறும்.

இங்க இன்னொரு வசதி என்னன்னா பொட்டானிக் கார்டன் ரொம்ப கிட்ட. 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம், உள்ள போக காசே இல்ல. அதுக்குள்ள புக்கிட் திமா ரோடு பக்கம் ஜேக்கப் பாலஸ் சில்ட்ரன்ஸ் கார்டன்னு ஒண்ணு, அதுவும் ஃப்ரீ, ஆனா திங்கக்கிழமை லீவு. அங்க ஒரு வேடிக்கையான ரூல், கூட குழந்தை இல்லாம பெரியவங்க தனியா போனா உள்ள விட மாட்டாங்க.

மெரினா பே சாண்ட்ஸ்ல நீங்க காசு குடுக்கறது 57வது மாடி குளத்துக்கு. 2010ல திறந்ததுல இருந்து எல்லாரும் போட்டோ போடற அந்த குளம் அங்க தங்கறவங்களுக்கு மட்டும்தான், மேல இருக்கற அப்சர்வேஷன் டெக் டிக்கெட் வாங்கிட்டு குளத்துல இறங்கலாம்னு நினைச்சுட்டு வர்றவங்க நிறைய பேர், முடியாது. என்னை கேட்டா 4 ராத்திரியும் அங்க வேண்டாம். கடைசி ஒரு ராத்திரி மட்டும் போடுங்க, மதியம் முன்னாடியே பெட்டியை குடுத்துட்டு சாயங்காலம் குளம், அப்புறம் கீழ இறங்கி கார்டன்ஸ் பை த பே பூங்காவுல 7:45க்கு, இல்ல 8:45க்கு சூப்பர்ட்ரீங்கற பெரிய செயற்கை மரங்கள்ல நடக்கற லைட் ஷோ, அது இலவசம்.

கேள்வி: வெப்சைட்ல 200 டாலர்னு போட்டு பக்கத்துல ++ னு இருக்கே, அது என்ன?

அதுதான் பில்லு வரும்போது நெஞ்சு வலிக்கிற இடம். முதல் பிளஸ் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், ரெண்டாவது பிளஸ் ஜிஎஸ்டி, 2024 ஜனவரில இருந்து 9 சதவீதம். ஜிஎஸ்டியை சர்வீஸ் சார்ஜ் சேர்த்த தொகை மேல போடுவாங்க. அப்ப 200 டாலர் ரூம் 239.80 ஆயிடும். ரெஸ்டாரண்ட் மெனுலயும் இதே கதைதான். ரெண்டு ஹோட்டலை ஒப்பிடும்போது ஒண்ணுல ++ போட்ட ரேட், இன்னொண்ணுல எல்லாம் சேர்த்த ரேட்னு இருக்கும், பாத்துக்கங்க.

கேள்வி: கிட்ஸ் க்ளப்ல பசங்களை விட்டுட்டு நானும் வீட்டுக்காரரும் முஸ்தஃபா சென்டர்ல ஷாப்பிங் போயிட்டு வரலாமா? மூத்தவளுக்கு 7, சின்னவனுக்கு 3. (திருச்சி)

சின்னவனை விட முடியாதுக்கா. பெரும்பாலான ஹோட்டல்கள்ல சின்ன குழந்தைகூட பெத்தவங்க யாராவது இருந்தே ஆகணும். பெரிய பசங்களை தனியா விடற நேரம், வகுப்பு எல்லாம் சில இடத்துல உண்டு, அதுக்கு வயசு வரம்பு, முன்பதிவு, கையெழுத்து, கட்டணம் எல்லாம் இருக்கும். கிட்ஸ் க்ளப்னு பேர் போட்டிருந்தாலே ஆயா இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல, சில இடத்துல ரெண்டு கலர் பென்சில், ஒரு டிவி, அவ்வளவுதான். நீங்க ஹோட்டலுக்கு மெயில் போடும்போது "கிட்ஸ் க்ளப் இருக்கா"ன்னு கேக்காதீங்க, இருக்குன்னு ஒரு வரில முடிச்சிருவாங்க. எத்தனை மணிக்கு திறக்கும், என்ன வயசு, அந்த வாரத்து ஆக்டிவிட்டி ஷீட் அனுப்ப முடியுமா, எதுக்கெல்லாம் முன்னாடியே பேர் குடுக்கணும்னு கேளுங்க. அந்த ஷீட் வந்தா அதை பாத்து வெளி ப்ளானை போடுங்க. நம்ம ஆளுங்க தலைகீழா பண்ணுவாங்க, ஜூ, சென்டோசா, யூனிவர்சல் எல்லாத்தையும் வரிசையா அடுக்கிட்டு கடைசி நாள் காலைல ரிசப்ஷன்ல நின்னு "பசங்களுக்கு என்ன இருக்கு"ன்னு கேப்பாங்க, அன்னிக்கு வகுப்பு ஃபுல் ஆயிருக்கும்.

முஸ்தஃபாவுக்கு ஒரு ஆள் போங்க, ஒரு ஆள் குளத்துல பசங்களோட இருங்க. நிம்மதியா இருக்கும், செலவும் குறையும்.

கேள்வி: குளத்துல சுடிதார் போட்டு இறங்க விடுவாங்களா?

விட மாட்டாங்க. காட்டன் துணி எதுவுமே கூடாது, டி-ஷர்ட்டும் சேர்த்துதான். உடம்பு முழுக்க மூடற நீச்சல் டிரெஸ் கிடைக்குது, முழங்கை முழங்கால் தாண்டி வர்றது, அது போட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சிங்கப்பூர்ல நிறைய பெண்கள் அதுதான் போடுவாங்க. ஊர்லயே வாங்கிட்டு போங்க. கைக்குழந்தைக்கு தண்ணில போடற டயப்பர் தனி, சாதா டயப்பர் போட்டு இறக்கினா ஊறி பலூன் ஆயிடும்.

கேள்வி: மாமியார் சுத்த சைவம், வெங்காயம் பூண்டு கூட கிடையாது. ரூம்ல சின்ன குக்கர் வச்சு சாதம் வடிச்சுக்கலாமா?

வேண்டாம். ரூம்ல ஸ்மோக் டிடெக்டர் இருக்கும், ஆவி போய் அலாரம் அடிச்சா மொத்த மாடியும் வெளில வந்து நிக்கும், உங்க மாமியார் முகத்துல முழிக்க முடியாது. கெட்டில் இருக்கும், அதுல வெந்நீர் வச்சு ரெடிமிக்ஸ் உப்புமா, பால் பவுடர் அந்த அளவுக்கு ஓகே, ஆனா தயவு செஞ்சு கெட்டில்லயே நூடுல்ஸ் கொதிக்க வைக்காதீங்க, உங்களுக்கு முன்னாடி வந்தவரும் அப்படி பண்ணியிருப்பார்னு யோசிங்க.

மாமியார் சாப்பாடுதான் முக்கியம்னா லிட்டில் இந்தியாவுல சிராங்கூன் ரோடு பக்கம் தங்கறதே புத்திசாலித்தனம். அங்க சைவ சாப்பாட்டுக்கடை கோமள விலாஸ் 1947ல இருந்து இருக்கு, ஆனந்த பவன் அதுக்கும் பழசு, 1924. தமிழ்லயே பேசி வெங்காயம் இல்லாம என்ன கிடைக்கும்னு கேட்டுக்கலாம். பெரிய ஹோட்டல் பஃபேல பாவம் அவங்க பழமும் பிரெட்டும் சாப்பிட்டுட்டு உக்காந்திருப்பாங்க, அதுக்கும் தலைக்கு முழு காசு. அப்படி ஹோட்டல்ல தங்கினா காலை சாப்பாடு இல்லாத ரேட்டா பாருங்க.

சமைச்சே ஆகணும்னா சர்வீஸ் அபார்ட்மெண்ட். அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இருக்கும். சில இடத்துல குறைஞ்சது 7 நாள் எடுக்கணும்னு சொல்வாங்க, ஹோட்டல் லைசென்ஸ் உள்ளதுல ஒரு ராத்திரிக்கும் குடுப்பாங்க. குளமும் இருக்கும், ஆனா பசங்க வகுப்பு, விளையாட்டு அதெல்லாம் எதிர்பார்க்காதீங்க.

கேள்வி: தெரிஞ்சவர் ஒருத்தர் காண்டோ (தனியார் அபார்ட்மெண்ட்) ஃப்ளாட்டை 5 நாளைக்கு வாடகைக்கு தர்றேங்கறார். குளம், ப்ளே ஏரியா எல்லாம் இருக்காம், ஹோட்டல்ல பாதி ரேட்.

சிங்கப்பூர்ல அது சட்டவிரோதம். தனியார் வீட்டை 3 மாசத்துக்கு கம்மியா வாடகைக்கு விடக்கூடாது, அரசு ஹெச்டிபி வீடுன்னா 6 மாசம். செக்யூரிட்டி கேள்வி கேட்டா நடுராத்திரி பெட்டியோட நிக்கப்போறது நீங்க. விட்டுருங்க.

கேள்வி: சென்னைல இருந்து ராத்திரி ஃப்ளைட், விடியக்காலை இறங்கறோம். செக்-இன் 3 மணிக்குதான்னு சொல்றாங்க. பசங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது? (தாம்பரம்)

நல்ல கேள்வி, ஏன்னா முதல் நாளை எல்லாரும் இதுலதான் கெடுத்துக்கறாங்க. தூக்கம் இல்லாத பசங்களை நேரா ஜூவுக்கு கூட்டிட்டு போய், அங்க ஒண்ணு அழ, ஒண்ணு வாந்தி எடுக்க, அப்பா அம்மாவுக்குள்ள சண்டை.

ஏர்போர்ட்லயே ஜூவல்னு ஒரு மால் இருக்கு, 40 மீட்டர் உசரத்துல இருந்து உள்ளுக்குள்ளயே அருவி விழும், 2019ல திறந்தது. விடியக்காலைல கடை பாதி மூடியிருக்கும், அருவியும் ஓடற நேரம்னு ஒண்ணு இருக்கு, அதனால அதை திரும்பி வர்ற நாளுக்கு வச்சுக்கங்க. இறங்கின அன்னிக்கு நேரா ஹோட்டலுக்கு போய் பேரை பதிஞ்சு பெட்டியை பெல் டெஸ்க்ல குடுங்க. ரூம் ரெடி இல்லன்னாலும் குளத்தை யூஸ் பண்ணலாமான்னு கேளுங்க, நிறைய இடத்துல சரின்னுதான் சொல்வாங்க, பக்கத்துல குளிக்கற ரூமும் லாக்கரும் இருக்கும். அதுக்கு நீச்சல் டிரெஸ், மாத்து துணி, பசங்க மருந்து எல்லாத்தையும் கைப்பைல வைங்க, பெட்டி அடில இல்ல. காலை முழுக்க தண்ணில கிடந்தா மதியம் ரூம் கிடைச்சதும் பசங்க கட்டை மாதிரி தூங்குவாங்க, சாயங்காலம் தெம்பா கிளம்பலாம். கையில காசு இருந்தா முந்தின ராத்திரிக்கும் சேர்த்து ரூம் போடறதுதான் நிச்சயமான வழி.

இன்னொண்ணு, சிங்கப்பூர் அரைவல் கார்டு, அதாவது நாட்டுக்குள்ள நுழையறதுக்கான படிவம், ஆன்லைன்ல இறங்கறதுக்கு 3 நாள் முன்னாடில இருந்து போடலாம், பசங்களுக்கும் தனித்தனியா போடணும். அது இலவசம். காசு கேக்கற வெப்சைட் எல்லாம் அரசாங்கத்தோடது இல்ல.

கேள்வி: எந்த மாசம் போனா ஹோட்டல்ல கூட்டம் கம்மி?

நம்ம ஊர் லீவு ஏப்ரல், மே. அவங்க ஸ்கூல் லீவு மே கடைசில ஆரம்பிச்சு ஜூன் முழுக்க. அதனால ஏப்ரல் நடுவுல இருந்து மே நடு வரைக்கும் நமக்கு ஜாக்பாட், பசங்க வசதி உள்ள ஹோட்டல்ல உள்ளூர் கூட்டம் இருக்காது. சிங்கப்பூர்க்காரங்களே சனி ஞாயிறுக்கு ஹோட்டல்ல ரூம் போட்டு தங்குவாங்க, ஸ்டேகேஷன்னு சொல்றது, அதனால வெள்ளி சனி ராத்திரி ரேட்டும் ஏறும், சறுக்குல க்யூவும் நிக்கும். ஞாயிறு ராத்திரி உள்ள நுழைஞ்சு வியாழன் ராத்திரியோட முடிக்கற மாதிரி போடுங்க.

ஷங்க்ரி-லா பாக்கறவங்களுக்கு மட்டும் ஒரு தகவல், 2002ல இருந்து பல நாட்டு பாதுகாப்பு அமைச்சருங்க கூடற மாநாடு அங்கதான் நடக்குது, பெரும்பாலும் மே கடைசி, ஜூன் முதல் வாரம். அப்ப ரூமும் கிடைக்காது, வாசல்ல துப்பாக்கியோட காவல். அந்த தேதியை பாத்து தவிர்த்துக்கங்க. ஃபார்முலா ஒன் ரேஸ் வர்ற செப்டம்பர், அக்டோபர் சமயமும் மெரினா பக்கம் ரேட் எகிறும்.

மழை எப்பவும் வரும். ஏப்ரல் மே-ல மதியத்துக்கு மேல இடியோட கொட்டும், மின்னல் எச்சரிக்கை வந்தா குளத்துல இருந்து எல்லாரையும் ஏத்திருவாங்க, பேசி பிரயோஜனம் இல்ல. குளத்தை காலைல முடிச்சிருங்க, உள்ள நடக்கற வகுப்பு விளையாட்டெல்லாம் மதியத்துக்கு.

கேள்வி: 4 வயசு குழந்தையோட க்ராப் ஆப்ல கார் புக் பண்ணி போலாமா, இல்ல டாக்சியா?

டாக்சி. 1.35 மீட்டருக்கு கம்மியா இருக்கற பிள்ளைக்கு கார்ல சீட்டோ பூஸ்டரோ கட்டாயம், டாக்சிக்கு மட்டும் அதுல விலக்கு. க்ராப்ல வர்ற தனியார் காருக்கு விலக்கு இல்ல, சாதா கார் புக் பண்ணினா டிரைவர் குழந்தையை பாத்துட்டு ஏத்த மாட்டேன்னு போயிடுவார், அவர் மேல தப்பில்ல. சீட் வச்ச கார் ஆப்லயே தனியா இருக்கு, காசு கூட. எம்ஆர்டில 90 சென்டிமீட்டருக்கு கீழ உள்ள குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம்.

கேள்வி: 2 பெரியவங்க, 3 பசங்க. ஒரே ரூம்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?

நம்ம ஊர் மாதிரி பாய் விரிச்சு படுக்கறது அங்க நடக்காது சார். ரூம்ல எத்தனை பேர்னு கணக்கு உண்டு, பெரும்பாலும் 3, மிஞ்சினா 4. பசங்க வயசையும் சேர்த்து உண்மையா போட்டு புக் பண்ணுங்க, இல்லன்னா கவுன்டர்ல வச்சு ரெண்டாவது ரூமுக்கு அன்னிக்கு ரேட்ல காசு வாங்குவாங்க. ரெண்டு ரூம் எடுத்தா "கனெக்டிங்"னு கேளுங்க, நடுவுல கதவு இருக்கும். "அட்ஜாயினிங்"னா பக்கத்து பக்கத்து ரூம், அவ்வளவுதான், ராத்திரி பிள்ளை அழுதா நீங்க நைட்டியோட வராண்டாவுல ஓடணும்.

கேள்வி: டெபிட் கார்டு மட்டும்தான் இருக்கு, செக்-இன்ல பிரச்சினை வருமா?

டெபாசிட்னு ஒரு தொகையை பிடிச்சு வைப்பாங்க, கிரெடிட் கார்டுன்னா லிமிட்லதான் குறையும், டெபிட்னா உங்க அக்கவுண்ட்ல இருந்தே போயிடும், திரும்பி வர சில வாரம்கூட ஆகலாம். அந்த காசை நம்பி ஷாப்பிங் ப்ளான் போடாதீங்க. கார்டுல வெளிநாட்டு யூஸேஜ் ஆன் பண்ணியிருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல பாருங்க. அப்புறம் அங்க பிளக் பாயிண்ட் சதுரமா மூணு பின், நம்ம உருண்டை பின் போகாது, அடாப்டர் ஒண்ணு எடுத்து வைங்க. ஹோட்டல்லயும் கேட்டா தருவாங்க, ஆனா 5 பேர் போனுக்கு ஒண்ணு எப்படி பத்தும்?