பிள்ளைக்கு எந்தக் கதைப் புத்தகம் வாங்கலாம்? கேள்வி பதில்

தருமபுரி பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் 22 வருடமாக ஆசிரியராக இருக்கிறேன். சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கதை படிக்க வருவார்கள். பள்ளிக்கூடம், சிநேகிதம், வீடு பற்றிய புத்தகங்கள் வேண்டும் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கேட்டிருந்தீர்கள். நான் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தவற்றிலிருந்தும், பெரியவர்களுக்காக நான் படித்தவற்றிலிருந்தும் சொல்கிறேன்.

பென்னாகரம், ஓர் அம்மா: மூணாவது படிக்கிற மகனை இந்த வருஷம் வேற ஸ்கூல்ல சேர்த்தோம். தினமும் காலையில அழறான். அவனுக்கு என்ன படிச்சுக் காட்டலாம்?

'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானியப் புத்தகம், 1981-இல் வந்தது. எழுதியவர் டெட்சுகோ குரோயாநாகி, அவருடைய சொந்தக் கதை. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. முதல் பள்ளிக்கூடத்தில் "இந்தப் பொண்ணை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது" என்று அனுப்பிவிடுகிறார்கள். அம்மா அதை மகளிடம் சொல்வதே இல்லை. வேறொரு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டு வரலாமா என்று மட்டும் கேட்டுக் கூட்டிப் போகிறார். உண்மை டோட்டோவுக்கு இருபது வயது தாண்டிய பிறகுதான் தெரிகிறது. புதுப் பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி, அவள் பேசுவதை முதல் நாளே நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குக் குரல் கம்மிவிடும்.

அங்கே பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. அதைப் படித்த மறுநாள் என் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டுவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி "மொரப்பூர் வந்துருச்சு, எல்லாரும் இறங்குங்க" என்று கத்தினாள். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவள்.

ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் போதும், எல்லாம் சின்னச் சின்னது. போலியோ வந்த யாசுவாகி என்ற பையனை டோட்டோ மரமேற்றிவிடும் அத்தியாயத்தை மட்டும் அவசரமில்லாத நாளாகப் பார்த்துப் படியுங்கள். பின்னால் அவன் இறந்துபோகிறான். மகன் கேள்வி கேட்பான்; பதில் சொல்ல நேரம் வேண்டும்.

தளி, ஓர் அம்மா: எங்க வீட்ல தெலுங்கு. பாப்பா ஸ்கூல்ல தமிழ் படிக்கிறா, எழுத்துக் கூட்டவே கஷ்டப்படறா.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கு, கன்னடம்தானே! இதைக் குறையாக நினைக்காதீர்கள். குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் ஒரே படக்கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் தெலுங்கில் நீங்கள் படித்துக் காட்டுங்கள். கதை மனதில் பதிந்த பிறகு அதையே தமிழில் அவளைப் படிக்கச் சொல்லுங்கள். கதை முன்பே தெரியும் என்பதால் எழுத்து அவளை மிரட்டாது. முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும்.

காரிமங்கலம், ஓர் ஆயா: பக்கத்து வீட்டுப் பையனை எழுதச் சொல்லி அனுப்பறேன். மகனும் மருமகளும் பெங்களூர்ல கட்டட வேலை. பேத்தி ரெண்டாவது, பேரன் அஞ்சாவது. எனக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன பண்ணட்டும்?

நீங்கள் கேட்டதே பெரிய விஷயம், அம்மா. உங்களுக்குப் படிக்கத் தெரியாதது பேத்திக்கு ஒரு விதத்தில் வாய்ப்பு. பள்ளியில் அவள் படித்தால் டீச்சர் தப்பைப் பிடிப்பார். உங்களிடம் படித்தால் நீங்கள் "அப்புறம் என்னாச்சு கண்ணு?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். நீங்கள் களி கிண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். தப்பாகப் படித்தாலும் போகட்டும்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளுக்கு 'வாசிப்பு இயக்கம்' என்று சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் தந்திருக்கிறார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலை. பேத்திக்கு 'நுழை'யில் ஆரம்பிக்கலாம். பேரனுக்கு மேல் நிலைப் புத்தகத்தை டீச்சரிடம் கேட்டு வாங்குங்கள். பூட்டி வைத்திருந்தால் நானே வந்து கேட்கிறேன்.

இன்னொன்று. பேரன் படிக்கிற கதையைப் போனில் பதிவு செய்து அப்பா அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் இப்படி அனுப்பினான். சென்ட்ரிங் வேலை முடிந்து வந்து, ஷெட்டில் படுத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டதாக அவன் அப்பா தீபாவளிக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்.

ஊத்தங்கரை, ஓர் அப்பா: ஏழாவது படிக்கும் மகனோட உயிர் நண்பன் ஊரை விட்டே போயிட்டான். பையன் யார்கூடவும் சேர்றதில்லை.

ஆங்கிலம் ஓரளவு வருமென்றால் ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. 1935-இல் வந்தது, மொழி எளிமை. சுவாமிக்கும் ராஜமுக்கும் கிரிக்கெட்டால் மனஸ்தாபம் வருகிறது. கடைசியில் ராஜமின் அப்பாவுக்கு மாற்றலாகி ரயில் கிளம்பும்போது சுவாமி ஒரு புத்தகத்தோடு ஓடி வருகிறான். ராஜம் சமாதானமானானா என்பது சுவாமிக்குக் கடைசி வரை தெரியாது. இந்த வயதுப் பையன்களுக்கு அப்படி முடிவதுதான் நெருக்கமாக இருக்கிறது.

கிருஷ்ணகிரி, ஓர் அம்மா: நாலாவது படிக்கும் மகளிடம் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றி எப்படிப் பேச ஆரம்பிப்பது?

எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி தரும் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2020-இல் பெற்றது. ஒரு மரப்பாச்சி பொம்மை உயிர் பெற்றுப் பேசுவதாக வரும் கதை, பயமுறுத்தாது. ஆனால் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். கூடவே படியுங்கள்.

அரூர், ஓர் ஆசிரியை: ஒன்பதாவதுல போன வருஷம் ரெண்டு பொண்ணுங்க நின்னுட்டாங்க. வீட்ல கல்யாணப் பேச்சு. பாடமா சொன்னா தலை குனிஞ்சுக்கறாங்க. கதை ஏதாவது இருக்கா டீச்சர்?

இருக்கிறது. சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. 1962-இல் வந்த கிர்கிஸ் நாட்டுக் கதை, தமிழில் உண்டு. தனக்கே அரைகுறையாகத்தான் எழுத்து தெரிந்த துய்ஷேன் ஒரு குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறார். குளிர்ந்த ஓடையில் சின்னப் பிள்ளைகளைத் தூக்கி அக்கரையில் விடுகிறார். அங்கே படிக்கிற அனாதைப் பெண் அல்தினாயை அவள் சித்தி ஒருவனுக்கு விற்றுவிடுகிறாள். தடுக்கப் போன துய்ஷேனை அடித்துப் போடுகிறார்கள். அவர் காவலர்களோடு வந்து அவளை மீட்டுப் படிக்க அனுப்புகிறார். அவள் பெரிய அறிஞராகிறாள்.

பெயரை மாற்றினால் நம் மலைப்பக்கத்துக் கதைதான். ஆனால் அவளுக்கு நடக்கும் கொடுமையும் அதில் வருகிறது. நீங்கள் முழுதும் படித்துவிட்டு, எந்தப் பகுதியைச் சத்தமாகப் படிப்பது என்று முடிவு செய்யுங்கள். படித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டால் மறுபடி தலை குனிந்துகொள்வார்கள். சும்மா இருங்கள், இரண்டு நாள் கழித்து ஒருத்தி வந்து பேசுவாள். அவள் வீட்டு விஷயத்தைச் சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கத் தயங்காதீர்கள். 18 வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம்.

பாலக்கோடு, புது ஆசிரியர்: நாலாம் வகுப்பு. கதை சொல்லலாம்னு போனேன், ஒரே கூச்சல்.

கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு' படியுங்கள் தம்பி, இது உங்களுக்கான புத்தகம். குஜராத்தியில் 1932-இல் வந்தது. அந்த ஆசிரியரும் நாலாம் வகுப்புக்குத்தான் போகிறார். முதல் நாள் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறார். மறுநாள் கதையோடு வருகிறார். கதையைப் பாதியில் நிறுத்தி நாளைக்கு வையுங்கள். அடுத்த நாள் கூச்சல் இருந்தாலும் அது "கதை சார், கதை" என்ற கூச்சலாக இருக்கும்.

ஓசூர், ஓர் அப்பா: புத்தகங்களை நேர்ல பார்த்து வாங்கணும்.

ஓசூரிலும் தருமபுரியிலும் புத்தகத் திருவிழா நடக்கிறதே. பிள்ளையையே எடுக்க விடுங்கள். பால சாகித்திய புரஸ்கார் பெற்ற மற்றவையும் கண்ணில் படும்: மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன முதல் கதை', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. மற்ற நாளில் மாவட்ட மைய நூலகம்.

பர்கூர் பக்கம், ஆறாம் வகுப்பு மாணவி: மிஸ், எங்க ஊர் மாதிரி ஸ்கூல் எந்தக் கதையிலயும் வரலை. நானே எழுதலாமா?

எழுது கண்ணு. பள்ளிக்கு வரும் 'தேன்சிட்டு' இதழ் ஆறு முதல் ஒன்பது வரை படிக்கிறவர்களுக்கானது. உன் மாதிரிப் பிள்ளைகள் எழுதியதும் அதில் வரும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், இன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்காக நின்றாயே, அங்கிருந்து தொடங்கு. பக்கத்தில் யார் நின்றாள், என்ன சொன்னாள், பையில் சாப்பாடு என்ன இருந்தது, பஸ் நிற்காமல் போனதா என்று எழுது. எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. சனிக்கிழமை திண்ணையில் படிக்கிறோம்.