பங்குனியில் கருகும் பொதுத்தோட்டம்: எத்தனை குடம், எத்தனை கை என்று முதலில் எண்ணுங்கள்

கேள்வி: உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே கடலோரத்தில் எங்கள் ஊர். மகளிர் குழு, இளைஞர் மன்றம், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போன ஐப்பசியில் பள்ளிக்குப் பின்னால் 20 சென்ட் புறம்போக்கில் காய்கறித் தோட்டம் போட்டோம். தை வரைக்கும் நல்ல காய்ப்பு. மாசி கடைசியில் இலை ஓரம் கருக ஆரம்பித்து, பங்குனியில் எல்லாம் போய்விட்டது. 40 அடி போரில் ஒரு எச்பி மோட்டார் வைத்துப் பாய்ச்சினோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் மார்கழியில் 900, பங்குனியில் 2,100 காட்டியது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். வேலைக்கும் கடைசியில் மூன்று பேர்தான் வந்தோம். இந்த வருஷம் மறுபடியும் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம். ஆனால் 20 சென்ட் முழுவதிலும் வேண்டாம். பன்னிரண்டு பாத்தி போதும். மீட்டரில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

20 சென்ட் என்பது சுமார் 800 சதுர மீட்டர். கோடை வெயிலிலும் காற்றிலும் பயிர் நாளுக்கு 6 மி.மீ. தண்ணீர் கேட்கும் என்று வைத்தால், முழு இடத்துக்கும் 4,800 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 320 குடம். அவ்வளவையும் மோட்டார் வைத்து உறிஞ்சியதால்தான் தண்ணீர் உப்பானது. கடலோர மணலுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேல் மட்டம் அரை அடி குறைந்தால் கீழே உப்புநீர் 20 அடி ஏறி வரப் பார்க்கும். ஒரே இடத்தில் ஆழமாகக் குழாய் இறக்கி வேகமாக இழுக்கும்போது குழாய்க்கு நேர் கீழே உப்பு கூம்பு போல எழும்பும். அதுதான் உங்கள் 2,100.

அந்தத் தண்ணீர் என்ன செய்தது என்று பாருங்கள். 2,100 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 2.1 கிராம் உப்பு. ஒரு பாத்திக்கு நாளுக்கு இரண்டு குடம் ஊற்றினால் 63 கிராம். ஒரு மாதத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோ உப்பை நீங்களே பாத்தியில் கொட்டியிருக்கிறீர்கள். மழை இல்லாத மாசி, பங்குனியில் அது கீழே இறங்க வழியில்லை.

இதற்கு ஜிப்சம் மருந்தல்ல. களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு மண் இறுகிப்போன களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம். உங்களுடையது மணல், அதில் இருப்பது கரையும் உப்பு. நல்ல தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கினால் உப்பும் கூடவே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. ஜிப்சத்துக்கு வைத்திருக்கும் காசை எருவுக்குச் செலவழியுங்கள். சந்தேகம் இருந்தால் இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மண்ணையும் தண்ணீரையும் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

இனி தண்ணீர் எடுக்கும் முறை. போரை விட்டுவிட்டு, ஆழம் குறைந்த உறைகிணறு இறக்குங்கள். முதலில் ஊற்றுத் தோண்டுவதுபோல இரண்டு மூன்று இடத்தில் குழி போட்டு, ஊறும் தண்ணீரை மீட்டரில் பாருங்கள். எங்கே குறைவாகக் காட்டுகிறதோ அங்கே மூன்றடி விட்ட சிமெண்ட் உறை. தண்ணீர் கண்டபின் மூன்று, நான்கு அடிக்கு மேல் ஆழப்படுத்தாதீர்கள். ஆழம் கூடினால் உப்புக்குத்தான் பக்கம் போகிறீர்கள். மணல் குழி சொல்லாமல் சரியும். இடுப்பளவுக்கு மேல் உறை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, பிள்ளைகள் எந்த ஆழத்திலும் கூடாது. வாளி கட்டி இறையுங்கள், காலையில் பாதி, மாலையில் பாதி. கை வலிப்பது நல்லதுதான், அளவு மீறாது.

பாத்தி 10 அடிக்கு 3 அடி. வைகாசியில் இலை உறிஞ்சுவதற்கு 17 லிட்டர் போதும். மணலில் ஓடிப்போவதற்கும் உப்பைக் கீழே தள்ளுவதற்கும் சேர்த்து இரண்டு குடம். மார்கழி, தையில் ஒரு குடம். கோடையில் கிணறு ஒரு நாளைக்கு எத்தனை குடம் ஊறுகிறது என்று ஒரு வாரம் எண்ணுங்கள். அதில் பாதியை மட்டும் உங்களுடையதாக எடுத்துக்கொண்டு, பாத்திக்கு இரண்டு குடம் என்று இரண்டால் வகுங்கள். கோடையில் உயிரோடு வைத்திருக்க முடிகிற பாத்தி அவ்வளவுதான். நாளுக்கு 24 குடம் ஊறினால் ஆறு பாத்தி. மழைக்காலத்தில் பன்னிரண்டு, கோடையில் ஆறு என்று இப்போதே தீர்மானித்துவிட்டால் பங்குனியில் யாருக்கும் மனம் உடையாது.

பள்ளிக் கூரையையும் விடாதீர்கள். 100 சதுர மீட்டர் கான்கிரீட் கூரையில் 400 மி.மீ. மழை விழுந்தால், இழப்புப் போக 32,000 லிட்டர். அவ்வளவுக்கும் தொட்டி வாங்க முடியாது. 5,000 லிட்டர் தொட்டி ஒன்று போதும். அந்தத் தண்ணீர் நாற்றுக்கு மட்டும். உப்புத் தாங்கும் பயிர்கூட முளைக்கும்போதும் அடுத்த மூன்று வாரமும் தாங்காது. பெரிய செடிக்குக் கிணற்றுத் தண்ணீர், குஞ்சுச் செடிக்கு மழைத் தண்ணீர் என்று பிரித்துவிடுங்கள். முதல் மழையில் கால் மணி நேரம் குழாயைத் திறந்து வெளியே விடுங்கள்: கடல் காற்றில் கூரை மேல் படிந்த உப்புத்தூளும் காக்கை எச்சமும் அதில்தான் வரும்.

பாத்தியை உயர்த்திக் கட்டாதீர்கள். மேட்டுப்பாத்தி களிமண் ஊருக்கு. மணலில் நடைபாதையைவிட அரையடி தாழ்ந்த பள்ளப்பாத்திதான் ஈரம் காக்கும். ஒன்றரை அடி தோண்டி, அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க நெருக்கமாக அடுக்குங்கள். மேலே ஒரு அடிக்கு இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு கரம்பை (கண்மாய் வண்டல்), ஒரு பங்கு மக்கிய எரு. சிமெண்ட் சட்டி அரைக் கன அடி கொள்ளும் என்றால் பாத்திக்கு மணல் 30 சட்டி, கரம்பை 15, எரு 15. கரம்பையை வட்டாட்சியர் அனுமதியோடு கண்மாயிலிருந்து எடுங்கள். கடலோர ஓடை மண் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். நெடுமழையில் பள்ளப்பாத்தி நிறைந்து நின்றால் வேர் அழுகும். ஒவ்வொரு பாத்தியின் தாழ்ந்த மூலையிலும் வரப்பை வெட்டிவிட ஓர் இடம் வையுங்கள்.

எருவில்தான் நம் கடலோரத்தில் தெரியாமல் உப்பு ஏறுகிறது. ஆட்டு எரு நல்லது, இரண்டு மாதம் மக்க வேண்டும். மீன் கழிவு தாராளமாகக் கிடைக்கும்: பச்சைக் கழிவு ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ, மூடிய வாளியில் மூன்று வாரம். வடிகட்டி லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. தெளிக்கலாம். ஆனால் கருவாட்டுக் கழிவும் மீன் பெட்டியில் வடிந்த தண்ணீரும் தோட்டத்துக்குள் வரவே கூடாது. தென்னை நார்க்கழிவைத் தொழிற்சாலையிலிருந்து வாங்கியபடியே போட்டாலும் இதே கதை. மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, மக்க வைத்துப் பிறகு போடுங்கள். கரையில் ஒதுங்கிய பாசியை ஐப்பசி மழையில் வெளியே பரப்பி வைத்து, உப்பு கழுவிப் போன பின் குப்பைக் குழியில் சேர்க்கலாம். கரி மூட்டம் போடும் இடத்தில் மிஞ்சும் கரித்தூளைப் பாத்திக்கு இரண்டு சட்டி கலந்தால் மணலில் சத்து நிற்கும். அதை முதலில் சாணிக் கரைசலில் ஒரு வாரம் ஊற வையுங்கள். காய்ந்த கரி செடியின் சத்தைத்தான் முதலில் இழுத்துக்கொள்ளும்.

மண்ணில் உப்பு ஏறுகிறதா என்று பார்க்கப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். ஒரு பங்கு காய்ந்த மண், எடையில் ஐந்து பங்கு மழைநீர். நன்றாகக் கலக்கி, தெளிய விட்டு மீட்டரை வையுங்கள். மழைநீரின் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். மணலில் 150 தாண்டினால் மிளகாய், கத்தரி, பீன்ஸ் திணறும். 300 தாண்டினால் கொத்தவரை, பீட்ரூட் மாதிரிப் பயிர்கள்தான் நிற்கும். இது தோராயம்தான், ஆனால் இலை கருகுவதற்கு முன்பே எச்சரிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே பாத்தி, அதே ஆழம்.

பயிர் தேர்வில் ஆசைப்படாதீர்கள். புரட்டாசி கடைசியில் தொடங்கி மழைக்காலத்தில் கத்தரி, தக்காளி, முண்டு மிளகாய், பீட்ரூட். மாசிக்கு மேல் கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, பருப்புக்கீரை. பாகல், பூசணிக்குப் பானைப் பாசனம் வையுங்கள்: எட்டு, பத்து லிட்டர் பிடிக்கும், மெருகோ பெயிண்டோ இல்லாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, சுற்றி நான்கு விதை. வாங்கும்போதே பானையில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கை ஈரமாக வேண்டும். வாயை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்க்கிறீர்கள்.

செடி வாடியே நிற்கிறது, தண்ணீரும் இருக்கிறது, மீட்டரும் சரி என்றால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. மணல் நிலம் அதற்குச் சொந்த வீடு. பாத்திக்கு கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டு, அடுத்த பருவம் அதில் கத்தரி, தக்காளி, வெண்டை எதுவும் வைக்காமல் செண்டுமல்லி போடுங்கள்.

வேலிக்குச் சுவர் வேண்டாம். காற்று சுவரில் ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும். ஐந்தடி உயரத்துக்குப் பனைமட்டைப் படல், பாதி இடைவெளி இருக்கும்படி. அது 50 அடி வரைக்கும் காற்றைத் தணிக்கும். கச்சான் அடிக்கும் தென்மேற்குப் பக்கம் முதலில் கட்டுங்கள், வாடைப் பக்கம் அடுத்து. பழைய வலையைத் தனியாகத் தொங்கவிட்டால் ஆட்டுக் கொம்பும் பாம்பும் சிக்கும். படலோடு இறுக்கிக் கட்டி அடியை மண்ணில் புதையுங்கள். இடத்துக்கும் கடலுக்கும் நடுவே அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருந்தால் கை வைக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அவைதான்.

இனி ஆட்கள். மூன்று பேராகக் குறைந்ததற்கு யாருடைய சோம்பலும் காரணமில்லை. மாசி, பங்குனி என்பது பொதுத்தேர்வு மாதம். தோட்டத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய அதே நேரத்தில் பிள்ளைகளின் கை போய்விடுகிறது. இதை மாற்ற முடியாது, முன்கூட்டியே கணக்கில் சேர்க்கத்தான் முடியும். எட்டுப் பாத்தியை எட்டு ஜோடிகளுக்குக் கொடுங்கள்: ஒரு பெரியவர், ஓர் இளையவர், இருவரும் வேறு வேறு வீடு. இளையவர் தேர்வுக்குப் போனாலும் பாத்திக்கு ஆள் இருக்கும். விளைச்சல் ஜோடிக்கே. மீதி நான்கு பொதுப் பாத்தி, அதன் காய் அங்கன்வாடிக்கு. ‘எல்லாரும் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுவோம்’ என்ற ஏற்பாட்டில் ஒரு பாத்திக்கு மூன்று தடவை ஊற்றுவார்கள், இன்னொன்று காய்ந்து கிடக்கும். பொதுப் பாத்திக்குக் கிழமை முறை போட்டுக் கிணற்றடியில் எழுதி மாட்டுங்கள். வர முடியாதவர் தன் பெயருக்கு நேரே மாற்று ஆளின் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான் விதி.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம் உங்கள் ஊரில் நடந்தால், அந்த ஏழு நாளும் குழி வெட்டவும், மட்டை அடுக்கவும், சீமைக் கருவேலத்தைத் தூரோடு பறிக்கவும் கேளுங்கள். தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், அடிக்கட்டையைத் தோண்டியே எடுக்க வேண்டும். கன்று நட மட்டும் அவர்களை விடாதீர்கள். எட்டாம் நாள் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? புகைப்படத்தில் செடி நன்றாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள். கிணறு தூர்வாருவது, படல் மாற்றுவது, பந்தல் கட்டுவது எல்லாம் அப்போது. முடிச்சுப் போடுவதில் அவர்களுக்கு மிஞ்சி யாரும் இல்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போவார்கள், அவர்களைச் சேர்த்து எண்ணாதீர்கள்.

இப்போது ஆடி. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் அந்த 20 சென்ட் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஊருணி, ஓடை, கண்மாய் என்று இருந்தால் வேறு இடம் தேடுங்கள். இல்லையென்றால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானத்துக்கு ஊராட்சி அலுவலகத்தில் இந்த வாரமே மனு கொடுங்கள். எத்தனை சென்ட், எத்தனை வருஷம், நிரந்தரக் கட்டடம் கிடையாது, உறைகிணற்றுக்கு மோட்டார் வைப்பதில்லை, பொதுப் பாத்தியின் விளைச்சல் யாருக்கு என்ற ஐந்தும் தீர்மானத்தில் எழுத்தில் வர வேண்டும். பள்ளி வளாகத்தின் கூரைத் தண்ணீருக்குத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். ஆவணியில் வேலியும் குழியும், புரட்டாசியில் எருவும் நாற்றும் முடிந்துவிட்டால், மழை இறங்கும்போது செடி தரையில் இருக்கும்.