காத்தாடி (காற்றாலை) போட்டோ வெளுத்துப் போகுதா? சூரியனை விடுங்க, பின்னாடி இருக்கிற மேகத்தைப் பாருங்க

நாகர்கோவில்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சாயங்காலம் போயி காத்தாடி எடுக்கிறேன். ஒண்ணு வானம் வெளுத்து காத்தாடியே தெரியல, இல்லன்னா கறுப்பு குச்சி மாதிரி வருது. ரெக்கையும் ஓடாம நிக்கிற மாதிரியே இருக்கு. பேஸிக் டிஎஸ்எல்ஆர், 18-55, 55-250 ரெண்டு லென்ஸ் வச்சிருக்கேன். அடுத்து தூத்துக்குடி உப்பளம் பக்கம் தெர்மல் (அனல் மின் நிலையம்) சிம்னியும் எடுக்கணும்."

தம்பி, லென்ஸ் ரெண்டும் தாராளமா போதும், புதுசா எதுவும் வாங்க வேண்டாம். நேரத்தையும் நிக்கிற இடத்தையும் மாத்தினா பாதி வேலை முடிஞ்சுது.

காத்தாடிக்கு அடிச்சிருக்கிறது வெள்ளை இல்லன்னா வெளிர் சாம்பல் பெயிண்ட். வெளுத்த வானத்துக்கு முன்னாடி அது எப்படி தெரியும்? சூரியனுக்கு எதிரா நின்னா கறுத்துத்தான் போகும். அதுக்கு பின்னாடி கறுப்பா ஏதாவது வேணும், முன்னாடி வெயில் அடிக்கணும். இந்த ரெண்டும் சேந்து கிடைக்கிற ஊரு நம்ம ஆரல்வாய்மொழி கணவாய், அதுவும் ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரை. தென்மேற்கு பருவமழை மேகம் கேரளா பக்கத்துலேர்ந்து வந்து மலை மேல கறுகறுன்னு நிக்கும், கிழக்க நம்ம பக்கம் மழை மறைவு பகுதிங்கிறதால பளிச்சுன்னு வெயில் அடிக்கும். காலையில சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற மாதிரி நின்னு மேக்க மலையைப் பாத்து எடுங்க, கறுத்த மேகத்துக்கு முன்னாடி ஒவ்வொரு காத்தாடியும் தனித்தனியா மின்னும். எனக்கு சூரிய அஸ்தமனத்தை விட இதுதான் ரொம்பப் பிடிக்கும், அஸ்தமன படம் எல்லாரும் எடுத்துட்டாங்க, தவிர அங்க மலை மறைக்கிறதால நல்ல வெளிச்சம் நீங்க நினைக்கிறதுக்கு முன்னாடியே போயிரும்.

அப்படி எடுக்கும்போது கேமராவை நம்பாதீங்க. ஃப்ரேம் முழுக்க இருட்டு மேகம் இருந்தா அது எக்ஸ்போஷரை, அதாவது படத்துல பதியிற வெளிச்சத்தை, ஏத்திவிட்டுரும், ரெக்கையில டீட்டெயில் எல்லாம் போயிரும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 2/3லேர்ந்து மைனஸ் 1 வரை குறைச்சு வச்சு, வெளுத்துப் போன இடத்தை மினுக்கிக் காட்டுற ஹைலைட் வார்னிங்கை ஆன் பண்ணி, ரெக்கை மினுக்காம இருக்கான்னு பாத்துக்கோங்க. ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சதை அப்படியே வைக்கிற ஃபைல்) எடுத்தா மேகத்தை அப்புறமா கொஞ்சம் தூக்கிக்கலாம், வெளுத்துப் போன ரெக்கையை யாராலயும் திரும்ப கொண்டுவர முடியாது.

இன்னொரு விஷயம், நிறைய பேரு கவனிக்கிறதே இல்ல. காத்தாடி எப்பவும் காத்து வர்ற பக்கம் முகத்தைத் திருப்பிக்கும். ஆனி ஆடியில காத்து மேக்கேர்ந்து வருது, அதனால காலையில நீங்க பாக்கிறது அதோட முதுகுதான், முகத்துல மஞ்ச வெயில் விழணும்னா சாயங்காலம் அதுக்கு மேக்க போயி கிழக்க பாத்து நிக்கணும். போலரைசர் ஃபில்டர் வச்சிருந்தா அங்க பெருசா உதவாது, சூரியனுக்கு 90 டிகிரியில இருக்கிற வானத்தைத்தான் அது நல்லா கறுக்க வைக்கும், சாயங்காலம்னா வடக்கயும் தெக்கயும். வடக்க பாத்து எடுத்தா டவர்ல ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல்னு விழுந்து அதோட உருண்டை வடிவத்தை நல்லா எடுத்துக்காட்டும், பின்னாடி மலையும் வந்துரும்.

இப்ப ரெக்கைக்கு வாங்க. 1/1000 செகண்ட் ஷட்டர் ஸ்பீடுல எடுத்தா கட்டாயம் நின்னுதான் போகும். ஒரு சுத்து முடிய எத்தனை செகண்ட் ஆகுதுன்னு எண்ணுங்க, அதை 12ஆல வகுத்தா வர்றதுதான் உங்க ஷட்டர் ஸ்பீடு. ரெக்கை 30 டிகிரி நகந்திருக்கும், விசிறி மடிப்பு மாதிரி இழுத்திருக்கும், ஆனா ரெக்கைன்னு தெரியும். புது பெரிய மெஷின் நிமிஷத்துக்கு 15 சுத்துன்னு வைங்க, ஒரு சுத்துக்கு 4 செகண்ட், அப்ப 1/3 செகண்ட். பழைய 225, 250 கிலோவாட் சின்ன மெஷின் 40 சுத்து பக்கம் ஓடும், அதுக்கு 1/8 போதும். ஒரே ஃப்ரேம்ல ரெண்டும் இருந்தா முன்னாடி இருக்கிறதுக்கு கணக்கு போடுங்க. ரொம்ப நீட்டிராதீங்க, மூணு ரெக்கைங்கிறதால மூணுல ஒரு பங்கு சுத்துலயே வட்டம் முழுக்க நிறைஞ்சு வெறும் புகையா ஆயிரும். நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 11ல ஷட்டர் ஸ்பீடு 1/200 தான் வரும், 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை 64ல ஒரு பங்கா குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) போட்டா அதுவே 1/3 ஆயிரும். ஃபில்டர் இல்லன்னா மேகம் மூடுற நேரத்துக்கு காத்திருங்க. போன்ல எடுக்கிறவங்களுக்கு ரெக்கை வளைஞ்ச மாதிரி வந்தா அது சென்சார் வரி வரியா படிக்கிறதால வர்றது, உங்க கேமராவுலயும் எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தா அதை ஆஃப்ல வச்சிருங்க.

அந்த காத்துல ட்ரைபாட் ஆடும். நடு தண்டை ஏத்தாதீங்க, காலை விரிச்சு தாழ்வா வச்சு பக்கத்துலயே உக்காந்துக்கோங்க, ஸ்ட்ராப்பை கழட்டிருங்க, பையைத் தொங்கவிட்டா அதோட அடி தரையைத் தொடணும் இல்லன்னா அதுவே ஊஞ்சலாடி ட்ரைபாடையும் ஆட்டிரும். லென்ஸ் மாத்துறதை கார்குள்ள வச்சுக்கோங்க, புழுதி பறக்கும். 55-250ஐ 200க்கு மேல வச்சா வரிசை காத்தாடி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வரும், ஆனா மத்தியானம் கானல்ல எல்லாம் நெளியும், காலையிலயோ சாரல் விட்ட உடனேயோதான் அது சுத்தமா வரும். நாலு வழிச் சாலை ஓரமா வண்டியை நிறுத்தி எடுக்க வேண்டாம், உள்ள போற ஊர் ரோட்டுக்கு இறங்கிருங்க, காத்தாடி நிக்கிறது தனியார் இடம்னா வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க.

தூத்துக்குடி சிம்னிக்கு கணக்கு வேற. அங்க மேகம் இல்லன்னாலும் பாத்தியில தண்ணி இருக்கு. காத்து அடங்கியிருக்கிற விடியக்காலையில, சூரியன் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போயிருங்க, வானம் நீலமா இருக்கும்போது பிளான்ட் லைட் எரியும், ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்துல இருக்கிற அந்த பத்து பதினஞ்சு நிமிஷம்தான் படம். கேமராவை தண்ணிக்கு ஒட்டினாப்ல இறக்கி வைங்க, பிம்பம் முழுசா வரும். உப்பளத்துல வேலை பாக்கிறவங்ககிட்ட கேட்டு வரப்புல மட்டும் நடங்க, பாத்திக்குள்ள கால் வச்சீங்கன்னா அவங்க உழைப்பு வீணாப் போயிரும். அனல் மின் நிலையம், துறைமுகம் எல்லாம் பாதுகாப்பு உள்ள இடம், பொது இடத்துல தூரமா நின்னு எடுங்க, காவலுக்கு இருக்கிறவங்க வேண்டாம்னா உடனே நிறுத்திருங்க. கூடங்குளம் பக்கம் கேமராவே எடுக்காதீங்க. ட்ரோன் இருந்தா அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல அந்த இடம் சிவப்பா (தடை) பச்சையா (பறக்கலாம்)ன்னு பாக்காம பறக்க விடாதீங்க.