விமானியா, இயந்திரமா? – கேள்வி பதில்

சூலூர் விமானப்படைப் பணிமனையில் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அவிநாசி வாசகர்: அகமதாபாத் விபத்தில் யார் தவறு, ஐயா?

2025 ஜூன் 12 ஏர் இந்தியா விபத்தின் முதற்கட்ட அறிக்கைப்படி, இரு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் அணைந்த நிலைக்குப் போயின. ஏன் அணைத்தாய் என்று ஒரு விமானி கேட்க, மற்றவர் மறுத்தார். அணைத்தது யார், எப்படி என்று அதில் இல்லை. முதற்கட்ட அறிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கோபி வாசகர்: 2009 ஏர் பிரான்ஸ் 447 விபத்தில் விமானிதானே மூக்கைத் தூக்கி, வேகம் போய் விழும்படி செய்தார்?

தூக்கினார். அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனி அடைத்தது. விமானத்தைத் தானாக ஓட்டும் தானியங்கி விலகிக்கொண்டது. நள்ளிரவில், கடலுக்கு மேல், நம்ப முடியாத வேகமானிகளோடு விமானம் கைக்கு வந்தது. பிட்டோ துளை சுண்டுவிரல்கூட நுழையாத அளவுதான். உறை போடாமல் விட்ட ஒன்றில் குளவி மண்ணை அப்பியிருந்ததை ஊசியால் சுரண்டி எடுத்திருக்கிறேன். இன்னொரு கொடுமை: வேகம் மிகவும் குறைந்தபோது விழுகிறாய் என்ற எச்சரிக்கை நின்றுபோனது, மூக்கை இறக்கியதும் மீண்டும் அலறியது. சரியானதைச் செய்தவருக்கு அதட்டல் கிடைத்தால் அவர் எதை நம்புவார்? 228 உயிர்கள் போயின.

பல்லடம் வாசகர்: அகமதாபாத்தில் விமானிதான் காரணமாமே?

அவிநாசிக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

பொள்ளாச்சி மோட்டார் பட்டறைக்காரர்: எரிந்து வரும் மோட்டாரில் பெரும்பாலும் ஓட்டியவர் தவறுதான். போயிங் 737 மேக்ஸ் விமானங்களின் இரண்டு விபத்துகளும் அப்படித்தான். 2018-இல் விழுந்த லயன் ஏர் விமானத்தை, அதே கோளாறு வந்தபோது முந்தைய நாள் குழு காப்பாற்றியதே?

காப்பாற்றியது. அன்று காக்பிட்டில் மூன்றாவது விமானி ஒருவரும் இருந்தார். மூக்கைத் தானாக இறக்கும் எம்காஸ் மென்பொருள் ஒரே ஒரு சென்சாரை நம்பியது. அப்படி ஒன்று இருப்பதையே கையேடு விமானிகளுக்குச் சொல்லவில்லை. 2019-இல் விழுந்த எத்தியோப்பிய விமானத்தின் விமானிகள், எம்காஸ் இயக்கும் மோட்டாரின் சுவிட்சை அணைத்தும் பார்த்தார்கள். அந்த வேகத்தில், மூக்கைக் கையால் சரிசெய்யும் சக்கரத்தைச் சுழற்ற முடியவில்லை. இரண்டு விபத்திலும் 346 பேர். தண்ணீர் வற்றினால் தானே நிற்கும் கருவி இல்லாத மோட்டாரை விற்றுவிட்டு விவசாயியைத் திட்டுவீர்களா?

சென்னிமலை வாசகர்: அகமதாபாத்…

மூன்றாவது முறை. மேலே இருக்கிறது, தம்பி.

பொள்ளாச்சிக்காரர் மறுபடியும்: அப்படியானால் விமானி தவறே செய்வதில்லையா?

செய்வார். 2010 மங்களூர் விபத்தில், தரையிறங்காமல் மீண்டும் மேலே எழும்பும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை, 158 பேர் மாண்டார்கள். அது விமானியின் தவறு, மறைக்க மாட்டேன். ஆனால் கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கி எழுந்தவர் என்பதையும் விசாரணைக் குழு எழுதியது. அதை எழுதியதால்தான் அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன்.