கசையடி வாங்கிய கம்பீரம்

கேள்வி: பரோக் இசையில் (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை) 'சரபாந்த்' என்றொரு நடனம் உண்டு. மெதுவாக, ராஜகம்பீரமாக நகரும். இன்றைய ஆட்டங்களைப் பார்க்கும்போது, அந்தக் காலத்தவருக்கு இருந்த கண்ணியம் நமக்கு இல்லை என்று தோன்றுகிறது. ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: மாட்டேன். எத்தனையோ நடனங்கள் இருக்க, கண்ணியத்துக்குச் சாட்சி சொல்ல இதையா கூப்பிட்டீர்கள்? ஆபாசம் என்று ஸ்பெயினில் 1583-இல் தடை செய்யப்பட்ட சரக்கு ஐயா அது! அந்தப் பாட்டைப் பாடினாலே 200 கசையடி. அதோடு விடவில்லை, ஆணென்றால் ஆறு வருடம் அரசாங்கக் கப்பலில் துடுப்பு வலிக்க வேண்டும், பெண்ணென்றால் நாடு கடத்தல். ஹுவான் தெ மரியானா என்ற இயேசு சபைப் பாதிரியார், ஒழுங்கானவர்களையும் கெடுத்துவிடும் என்று இதைத் திட்டி எழுதியிருக்கிறார். (திட்டுவதற்காகவாவது பார்த்திருப்பார் போல.)

பெயர் எழுத்தில் தலைகாட்டுவதே ஐரோப்பாவில் அல்ல, 1539-இல் பனாமாவில் எழுதப்பட்ட ஒரு கவிதையில். ஸ்பானியர்கள் அதை 'சரபாந்தா' என்றார்கள். கித்தாரும், விரலில் மாட்டித் தட்டும் காஸ்டனெட்டும் சேர்ந்த வேகமான ஆட்டம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவைக்குள் நுழைந்த பிறகுதான் நடை தளர்ந்தது, உடுப்பு மாறியது, நீங்கள் சொல்லும் கம்பீரமும் வந்தது. அதே நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்கள் அதைத் துள்ளலாகவே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, மெதுவான சரபாந்தில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். வழக்கமாக ஒன்றில் விழும் கனம் இதில் இரண்டுக்கு நகர்ந்து, அங்கேயே கொஞ்சம் தங்கும். நடந்துகொண்டே வந்தவர் ஏதோ நினைவு வந்து நின்றுவிட்டதுபோல இருக்கும். நீங்கள் கேட்டது ஹாண்டெல் என்ற இசையமைப்பாளர் எழுதி 1733-இல் அச்சான, டி மைனர் என்ற சுருதியில் அமைந்த சரபாந்தாக இருக்கலாம். அதைக் கேட்டால் யாருக்கும் அரண்மனைதான் கண்ணில் தெரியும். நான் சிபாரிசு செய்வது பாக் (Bach) என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரை. அவர் செல்லோவுக்கு (வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரியான வாத்தியம்) எழுதிய ஆறு தொகுப்புகளிலும் ஒவ்வொரு சரபாந்த் உண்டு. ஐந்தாவதில் இருப்பதைக் கேளுங்கள். ஓரிடத்தில்கூட இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்காது. ஒற்றை இழை, தனியாகப் போய்த் தனியாகவே முடியும். அதற்கு ஆட முடியுமா என்று கேட்காதீர்கள். அவர் எழுதியது உட்கார்ந்து கேட்க.

கண்ணியத்துக்கு வேறு எடுத்துக்காட்டு கைவசம் இருந்தால் அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். 'சக்கோன்' என்ற இன்னொரு பரோக் நடனத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். அதன் பூர்வீகமும் இதே தெருதான்.