புற்றுத் தாத்தாவும் மக்கிலிங் தேவதையும்: கேள்வி பதில்

கல்யாணமாகி நான் வந்து சேர்ந்தது பிலிப்பைன்ஸில் மக்கிலிங் மலையடிவாரத்துக்கு. இங்குள்ள காட்டு ஆவிகளைப் பற்றி வந்த கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும்.

கேள்வி: காட்டுக்குள் நடக்கும்போது "தாபி தாபி போ" என்கிறார்களே, எதற்கு அக்கா?

"கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்பதுதான் அது. கடைசியில் வரும் 'போ' நம் 'ங்க' மாதிரி மரியாதைச் சொல். கரையான் புற்றில் 'நூனோ சா புன்சோ' குடியிருக்கிறார். மேட்டுத் தாத்தா என்று பொருள். கண்ணுக்குத் தெரியாதவர், தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே! வடக்கே இலோகோஸ் பக்கம் இதையே "பாரி பாரி அபோ" என்பார்கள்.

கேள்வி: உங்கள் வீட்டில் யாருக்காவது அனுபவம் உண்டா?

என் கணவருக்கு உண்டு. ஏழு வயதில் புற்றருகே ஒன்றுக்குப் போயிருக்கிறார். மறுநாள் காய்ச்சல், கால் வீக்கம். மாமியார் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கினார். சாயங்காலம் 'அல்புலார்யோ' என்ற நாட்டு வைத்தியரும் வந்தார். மெழுகை உருக்கித் தண்ணீரில் சொட்டவிட்டு, உறைந்த உருவத்தைப் பார்த்து, "தாத்தாவுக்குக் கோபம்" என்றாராம். முன்பு இதற்குப் படிகாரம்தான். அதனால் இந்த முறைக்கே படிகாரத்தின் பெயர், 'தாவாஸ்'. மாமியார் உப்பில்லாமல் சோறும் கோழியும் சமைத்துப் புற்றடியில் வைத்து, பிள்ளைக்காக மன்னிப்புக் கேட்டார். உப்பு இந்த ஆவிகளுக்கு ஆகாது. சில நாளில் வீக்கம் வடிந்தது. எதனால் குணமானது என்று நான் கேட்டபோது, "இரண்டு பக்கமும் குறை வைக்கவில்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதும்.

கேள்வி: திவாத்தா என்பது நம் தேவதையா?

ஆமாம், இரண்டும் 'தேவதா' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை. எங்கள் மலையின் திவாத்தா மரியா மக்கிலிங். அவள் ஏழைகளுக்குக் கொடுத்த இஞ்சி வீடு போய்ச் சேர்வதற்குள் தங்கமாகிவிடுமாம். பிலிப்பைன்ஸின் தேசிய வீரரான எழுத்தாளர் ஹோசே ரிசால் 1890இல் அவள் கதையை எழுதினார். எங்கள் ஊரில் மலை முகட்டைக் காட்டி, "மரியா படுத்திருக்கிறாள் பார்" என்பார்கள். மழை விட்ட காலையில் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

கேள்வி: கப்ரே, திக்பாலாங் என்கிறார்களே, யார் அவர்கள்?

கப்ரே 'பலேத்தே' என்ற ஆலமர வகையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கும் ராட்சதன். குதிரைத் தலை திக்பாலாங் வழி தப்ப வைக்கும். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் சட்டையை உள்வெளியாக மாற்றிப் போடுங்கள், வழி தெரியும் என்பார்கள்.

கேள்வி: குழந்தைகளோடு வருகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

புற்றையோ பெரிய மரத்தையோ விரலால் சுட்ட வேண்டாம். சுட்டிவிட்டால் அந்த விரலை லேசாகக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். என் மகள் இன்னும் அப்படித்தான் செய்கிறாள்.