இஃப்தார் அழைப்பு வந்தால் போகலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு மேலைநாட்டுத் தூதரகத்திலிருந்து இஃப்தார் அழைப்பு வந்திருக்கிறது. முஸ்லிம் சமூகங்களுடன் நல்லுறவு வளர்ப்பதற்காம். பேரீச்சம்பழம், கைகுலுக்கல், புகைப்படம். இதைத் தாண்டி இதில் ஏதாவது உண்டா? போகலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். உங்கள் சலிப்பு புரிகிறது, ஆனால் ஒரு பழைய விருந்தைச் சொல்கிறேன். 1805 டிசம்பரில் துனிசியத் தூதர் சுலைமான் மெல்லிமெல்லி வாஷிங்டனில் இருந்தார். ரமலான் மாதம். அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் வழக்கமாகப் பிற்பகல் மூன்றரை மணிக்கு விருந்து வைப்பவர். அன்று மட்டும் அதைச் சூரியன் மறையும் நேரத்துக்குத் தள்ளிவைத்தார். வந்தவரோ ஒரு தகராறோடு வந்தவர். வட ஆப்பிரிக்காவின் திரிப்போலித் துறைமுகத்தை அமெரிக்கா முற்றுகையிட்டிருந்தபோது, அதை மீறப் பார்த்த துனிசியக் கப்பல்களை அமெரிக்கக் கடற்படை பிடித்து வைத்திருந்தது. கூடிக் குலாவும் நாட்டுக்கு யார் வேண்டுமானாலும் விருந்து வைப்பார்கள். வழக்கு நடக்கும்போதே எதிராளியின் நோன்பை நினைத்துப் பார்த்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, விருந்தோடு முடிந்தால் போதுமா? அதற்கு மொராக்கோவைப் பாருங்கள். சுல்தான் மூன்றாம் முகமது 1777லேயே அமெரிக்கக் கப்பல்களுக்குத் தன் துறைமுகங்களைத் திறந்துவிட்டார். அமெரிக்கர்கள் ஒப்பந்தம் பேச வராமல் இழுத்தடித்ததால், 1784இல் அவர்களுடைய ஒரு கப்பலைப் பிடித்து வைத்து வரவழைத்தார் (இதுவும் ஒரு வகை அழைப்பிதழ்தான்). 1786இல் ஒப்பந்தம் முடிந்தது. பெயர் என்னவோ அமைதி, நட்பு. உள்ளே பார்த்தால் சண்டை வந்தால் என்ன செய்வது என்றுதான் யோசித்திருக்கிறார்கள். போர்க் கைதிகளை அடிமையாக்கக் கூடாது. கேப்டனுக்குக் கேப்டன், சிப்பாய்க்குச் சிப்பாய் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். வியாபாரிகள் சரக்கை விற்று ஊர் திரும்ப ஒன்பது மாத அவகாசம். ஐம்பது ஆண்டுக்கு என்று போட்டது, 1836இல் புதுப்பிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. கெட்ட நாளுக்கும் சேர்த்து எழுதி வைத்ததால்தான் நின்றது என்பது என் எண்ணம்.

எனக்கு உறுத்துவது வேறு. வெளிநாட்டு முஸ்லிம் அரசுகளோடு உள்ள உறவையும் சொந்த நாட்டு முஸ்லிம் குடிமக்களோடு உள்ள உறவையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். 2018இல் டிரம்ப் தந்த வெள்ளை மாளிகை இஃப்தாருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் நாட்டுத் தூதர்கள். அமெரிக்க முஸ்லிம்களில் பலர் வெளியே பூங்காவில் எதிர்ப்புத் தெரிவித்துத் தனியாக நோன்பு திறந்தார்கள். குடிமக்களுக்குத் தர வேண்டியது உரிமை. அதைத் தூதர்களுக்கு விருந்து வைத்து ஈடுகட்ட முடியாது.

நீங்கள் போகும்போது மாணவர் விசா, வேலைக்குப் போனவர்களின் சிக்கல் என்று உங்கள் மக்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள். யாரிடம் எழுதித் தர வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு முஸ்லிம் நாட்டு அரசு செய்ததற்கு உங்களிடம் விளக்கம் கேட்டால், "அதை அந்த நாட்டுத் தூதரிடம் கேளுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அநேகமாக அவரும் அதே அறையில்தான் இருப்பார்.